சான்றொப்பம் உரித்த லேபிள்கள்

அந்த விமானப் பயணம் நடந்த அன்று அவருக்கு வயது நாற்பத்தாறு. தொழில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வாகனச் சேத மதிப்பீட்டாளர். முப்பத்தொன்பதாம் வயதில் திருமணம். மனைவி அவரைவிடப் பத்து வயது இளையவள். பல்செட் செய்யும் கூடமொன்றில் அச்சு வார்க்கும் வேலை. ஒரே மகள், வயது இரண்டே கால். வீடு இரண்டாம் மாடியில். இரண்டு அறைகளும் ஒரு கூடமும். கூடத்தில் சாம்பல் நிற இரும்பு அலமாரி ஒன்று. அதன் சாவி அவருடைய பணப்பையில் இருக்கும். இரண்டாவது சாவி கிடையாது.

இதுவரை சொன்னதில் அவராலேயே பிழை கண்டுபிடிக்க முடியாது. இனி சொல்வதில் கண்டுபிடிப்பார்.

மனைவி வீட்டில் அவருக்கு வைத்த பெயர் சான்றொப்பம். பெண் பார்க்க வந்த அன்று தன்னுடைய சான்றிதழ்களின் நகல்களை ஒரு பச்சைக் கோப்பில் அடுக்கிக் கொண்டுவந்து நீட்டினார். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ‘உண்மை நகல்’ என்று எழுதி, அவரே கையெழுத்திட்டு, தேதியும் போட்டிருந்தார். பெண்ணின் அக்கா புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“உங்க பேப்பருக்கு நீங்களே கையெழுத்துப் போட்டா எப்படிங்க?”

“என்னைப் பத்தி என்னைவிடத் தெரிஞ்சவங்க யாரும்மா இருக்காங்க?”

பெயர் அன்று மாலையே ஒட்டிக்கொண்டது. அவர் ஒட்டாமல் ஒட்டியது அது ஒன்றுதான்.

அலுவலகத்தில் அவருடைய புகழ் வேறு வகை. நசுங்கிய வண்டியின் முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். குனிய மாட்டார், தொட மாட்டார். உரிமையாளர் அழுதாலும் அவர் காதில் விழுவது ஒரே கேள்விக்கான விடைதான்: ஒரிஜினல் இருக்கிறதா, இல்லையா. ஒருமுறை சரக்கு வண்டி தீப்பிடித்து எலும்புக்கூடாக நின்றது. ஓட்டுநர் கைபேசியில் பழைய படங்களைக் காட்டினார்.

“பேப்பரெல்லாம் வண்டிக்குள்ளயே இருந்துச்சு சார். சேர்ந்து எரிஞ்சுபோச்சு.”

“எரிஞ்சதுன்னு ஒரிஜினல் ஏதாவது இருக்கா?”

“அதான் சார், முன்னாடி நிக்குதே.”

“இது வண்டி. நான் பேப்பரைக் கேக்குறேன்.” பிறகு, அன்றைய நாளின் ஒரே கருணையாக, காரணத்தையும் சொன்னார்: “நகல் நகல்தான்ப்பா.”

இந்தத் தொழிலில் இருந்து அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. பொருள்களின் மீதுள்ள லேபிள்கள் தேயும், மங்கும், கிழியும். கிழிந்தால் உரிமையாளர் தெருவில் நிற்பார். வேறு யாராக இருந்தாலும் லேபிளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். அவர் புரிந்துகொண்டது, லேபிளை முதல் வாரத்திலேயே உரித்து எடுத்துவிட வேண்டும் என்று.

அப்படித்தான் பதிவேடு பிறந்தது. தடித்த அட்டை, கோடிட்ட தாள், பக்க எண் அச்சிட்டது. வீட்டுக்குள் ஒரு புதுப் பொருள் வந்தால், அந்த வார ஞாயிறன்று முடி உலர்த்தும் கருவியை எடுத்து லேபிளின் மேல் சூடான காற்றைப் பாய்ச்சுவார். பசை இளகியதும் மெல்லிய தகட்டால் ஓரத்தை நெம்பி, குழந்தையின் காயத்திலிருந்து பஞ்சை எடுப்பது போல அலுங்காமல் எடுத்து, பதிவேட்டில் ஒட்டி, வரிசை எண்ணும் தேதியும் இட்டுக் கையெழுத்துப் போடுவார். குழந்தையின் காயத்திலிருந்து பஞ்சை எடுத்ததில்லை, உவமைக்குச் சொன்னது.

குளிர்சாதனப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, மிக்சி, மெத்தை என்று அந்த வீட்டில் எதற்கும் தான் யார் என்று தெரியாது. மிக்சி நின்றுபோனபோது பழுது பார்க்க வந்தவர் மாடல் எண் கேட்டார். மனைவி கணவரின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

“எதுக்கு? யாரு கேக்குறா?” என்றார்.

“ரிப்பேர் பண்றவருங்க.”

“அவரோட அடையாள அட்டை நம்பரை முதல்ல வாங்கு.”

வந்தவர் எழுந்து போய்விட்டார். மிக்சி ஒரு வாரம் மௌனம் காத்தது.

இன்னொரு முறை குழந்தையின் இருமல் மருந்து. ஒரே அளவில் இரண்டு பாட்டில்கள், ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று இருமலுக்கு. இரண்டும் லேபிள் இல்லாமல், மொட்டையடித்த இரட்டையர் போல நின்றன. அவள் இரண்டையும் கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

“பதிவேட்டுல பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே” என்றார் அவர், மாலையில் வந்து.

“பதிவேடு அலமாரியில. சாவி உங்க பையில. நீங்க ஆபீஸ்ல.”

“அப்போ எனக்கு ஃபோன் பண்ணியிருக்கணும்.”

“பண்ணினேன். மீட்டிங்னு கட் பண்ணிட்டீங்க.”

அன்றிலிருந்து மருந்துகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கும் பதிவேட்டில் ஒரு குறிப்பாக ஏறியது, கையெழுத்தோடு.

அவள் அவரைத் திட்டுவதில்லை. ஒருவரைத் திட்டுவதற்கு, அவர் திருந்துவார் என்ற நம்பிக்கை கொஞ்சமாவது வேண்டும். அவளிடம் அது தீர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தட்டை வைப்பாள், சட்டையை மடிப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். கண்கள் மட்டும், கோணலாக வந்த பல்செட்டைப் பார்ப்பது போல, எந்த இடத்தில் தேய்த்தும் பயனில்லை என்ற முடிவோடு அவரைப் பார்க்கும்.

குழந்தை பிறக்கும்போதே இடது இடுப்பு மூட்டு விலகியிருந்தது. கண்டுபிடிக்கத் தாமதமாகிவிட்டதால், இரண்டு வயதில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. மருத்துவமனை, மனைவியின் அக்கா குடியிருக்கும் நகரத்தில். சிகிச்சை முடிந்ததும் இடுப்பிலிருந்து இரண்டு கணுக்கால் வரை, கால்களை அகட்டி வைத்து, மாவுக்கட்டுப் போட்டார்கள். அதோடு குழந்தையால் சாதாரண இருக்கை எதிலும் உட்கார முடியாது. அக்காதான் தன் பையனுக்கு வாங்கிய கார் இருக்கையைக் கொடுத்தாள்: பக்கங்கள் தாழ்ந்தது, அடிப்பகுதி அகலம், மாவுக்கட்டு அளவெடுத்தது போலப் பொருந்தியது. அக்காவின் கணவர் தன் வேனில் பதினாறு மணி நேரம் ஓட்டி அவர்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழிநெடுகக் குலுங்கியதில் கட்டின் விளிம்பு உரசி, குழந்தையின் முதுகில் புண் வந்தது. இனிச் சாலை வழியே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் மூட்டு அமர்ந்திருக்கிறதா என்று அறுவை செய்த மருத்துவரே பார்க்க வேண்டும். தேதி குறித்தாகிவிட்டது. அதற்கு மறுநாளே மருத்துவர் வெளிநாடு போகிறார். திரும்ப ஏழு வாரம் ஆகும். அந்த ஏழு வாரமும் கட்டுக்குள் இருந்தால் புண் பெருகும், முழங்கால்கள் இறுகும். ஆகவே, குறித்த நாளுக்கு முந்தைய நாள் காலை விமானத்தில் அவர்கள் போயாக வேண்டும். இரண்டு வயது தாண்டிய குழந்தைக்குத் தனி இருக்கை. அந்த இருக்கையின் மேல் கார் இருக்கையை வைத்துக் கட்டலாம்.

“பேப்பர் விஷயம் என்னோடது” என்று அவர் சொல்லிவிட்டார். “ரூல்ஸ் எல்லாம் படிச்சுட்டேன். நீ பாப்பாவைத் தூக்கிட்டு வந்தாப் போதும்.”

அவர் படித்தது உண்மைதான். விமானத்தில் பயன்படுத்தத் தகுந்தது என்று அச்சிட்ட லேபிள் அந்த இருக்கையில் இருக்க வேண்டும் என்ற வரியைச் சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தார். அந்த லேபிள், இருக்கை வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறே பதிவேட்டின் முந்நூற்றுப் பதினேழாம் பக்கத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. அதனால் என்ன? பக்கத்தை நகலெடுத்தார். ‘உண்மை நகல்’ என்று எழுதினார். கையெழுத்திட்டார். பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நிம்மதியாகத் தூங்கினார். இது எதையும் மனைவியிடம் சொல்லவில்லை. பேப்பர் விஷயம் அல்லவா?

விமான நிலையத்துக்கு எட்டரை மணிக்கு வந்து சேர்ந்தார்கள். அவள் இடுப்பில் குழந்தை, தோளில் துணிப்பை, மறு கையில் கார் இருக்கை. அவர் கையில் கோப்பு. வரிசையில் நிற்கும்போதே குழந்தை நனைத்துவிட்டது. மாவுக்கட்டுக்குள் ஈரம் இறங்காமல் துணி மாற்றுவது அரைமணி வேலை. கட்டின் விளிம்புக்குள் இரண்டு விரலை நுழைத்து, அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும்.

“நான் மாத்திட்டு வந்துடறேன். சீட்டு இங்க இருக்கு. பாத்துக்கோங்க” என்று அதை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

முகப்பில் இருந்த பெண் பொறுமைசாலி. இருக்கையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“லேபிள் எங்க சார்?”

அவர் கோப்பைத் திறந்து நகலை இருகையாலும் வைத்தார்.

“இது ஜெராக்ஸ் சார். லேபிள் சீட்டுல இருக்கணும்.”

“சீட்டுல இருந்தா தேய்ஞ்சு போயிடும். அதான் எடுத்துப் பத்திரமா வெச்சிருக்கேன். இது அட்டெஸ்டட் காப்பி.”

“யாரு சார் அட்டெஸ்ட் பண்ணது?”

“நான்தான்.”

அவள் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, கேலியே இல்லாமல், அவருடைய இருபத்திரண்டு ஆண்டுப் பணியைத் திருப்பிக் கையில் கொடுத்தாள்: “காப்பி காப்பிதானே சார்.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர் சுரைக்காயின் தோலை உரித்து ஏட்டில் ஒட்டியவர். ஏட்டையும் வீட்டில் பூட்டிவிட்டு வந்தவர்.

“ஒரு நிமிஷம் இருங்க, எங்க அதிகாரியைக் கேட்டுப் பாக்குறேன்” என்றாள் அந்தப் பெண். அந்த ஒரு நிமிடம் காத்திருந்தால் ஏதாவது வழி பிறந்திருக்கலாம். மனைவி வரட்டும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றியிருந்தாலும் போதும். அவருக்குத் தோன்றியது அவமானம் மட்டும்தான். தன்னைப் போய் ஒரு சின்னப் பெண் நம்பவில்லை.

“கேக்க வேண்டாம். முடியாதுன்னு எழுத்துல குடுங்க.”

“எழுத்துல எல்லாம் தர மாட்டோம் சார். வேணும்னா தேதியை மாத்திக்கலாம். அதுக்கு ஃபார்ம் இருக்கு.”

“ஃபார்முக்கு நகல் தருவீங்களா?”

“தருவோம் சார்.”

நகல் தருவார்கள் என்றதும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. பேனாவை எடுத்தார். மருத்துவர் திரும்பி வரும் நாளைக் கணக்கிட்டு, ஏழு வாரம் தள்ளித் தேதி எழுதினார். மூன்று பயணச்சீட்டையும் மாற்றிக் கையெழுத்திட்டார். குழந்தையின் முதுகுப் புண் அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் கேட்கப்படவில்லை; ஆகவே நினைவுக்கும் வரவில்லை.

ஒன்பது இருபதுக்கு அவள் திரும்பி வந்தபோது, அவர் நகலை மடித்துக் கோப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

“மாத்தியாச்சு” என்றார். “ஏழு வாரம் கழிச்சு. எக்ஸ்ட்ரா கட்டணம் எதுவும் இல்ல.”

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“எதை மாத்தியாச்சு?”

“டிக்கெட்டை. லேபிள் ஒரிஜினல்தான் வேணுமாம். இவங்களுக்கு ரூல்ஸ் தெரியல.”

அவள் முகப்புப் பெண்ணிடம் திரும்பினாள்.

“என்ன லேபிள்ங்க?”

“பிளேன்ல யூஸ் பண்ணலாம்னு சிவப்பு எழுத்துல போட்டிருக்கும் மேடம்.”

பல்செட்டின் வெளிப்பக்கம் மினுமினுப்புக்கு. அதன் நேர்மை ஈறைத் தொடும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். அப்படித் திருப்பிப் பார்க்காமல் அவள் எதையும் கைவிட்டதில்லை. குழந்தையை முகப்பு மேடையின் மேல் படுக்க வைத்து, “கொஞ்சம் பிடிச்சுக்கோங்க” என்று அந்தப் பெண்ணிடமே சொன்னாள். கார் இருக்கையைத் தரையில் கவிழ்த்தாள். நான்கு கொக்கிகளையும் இரண்டு வார்களையும் கண் பார்க்காமலே கழற்றினாள். பன்னிரண்டு வாரத்தில் பதினொரு முறை அவள் அந்த உறையைக் கழற்றித் துவைத்திருக்கிறாள். உறை கையோடு வந்தது. உள்ளே வெற்றுப் பிளாஸ்டிக் ஓட்டில், முதுகு சாயும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு லேபிள்: கம்பெனிப் பெயர், எண், சிவப்பெழுத்தில் இரண்டு வரி.

முகப்புப் பெண் குனிந்து படித்தாள். “இதேதான் மேடம்.”

அவர் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. உறையைக் கழற்றினால் துவைக்க வேண்டிவருமே.

“இது இருக்குன்னு நீ ஏன் சொல்லல?”

“பேப்பர் விஷயம் உங்களோடதுன்னீங்க. இது துணி விஷயம்.”

முகப்புப் பெண் விசைப்பலகையில் தட்டிக்கொண்டே சொன்னாள்: “ஜன்னல் சீட்டும் பக்கத்து சீட்டும் திரும்ப எடுத்துட்டேன் மேடம். மூணாவது, வெயிட்டிங்ல இருந்தவருக்குப் போயிடுச்சு. ரெண்டுதான் இருக்கு.”

“ரெண்டு போதும்” என்றாள் அவள். யோசிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்திருந்தால் ஒரு விநாடி வந்திருக்காது.

“ரெண்டு எப்படிப் போதும்? ஃபைலை யாரு பாத்துக்குவா? டாக்டர்கிட்ட யாரு பேசுவா?”

“ஃபைலைக் குடுங்க.”

“இதெல்லாம் ஒரிஜினல்.”

“அதனாலதான் கேக்குறேன்.”

அப்போது அவர் செய்ததை அக்காவிடம் முதலில் சொன்னது அவள் அல்ல. அவரேதான், அதிலும் பெருமையாக. கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, எக்ஸ்ரே நான்கு, ரத்தப் பரிசோதனை ஆறு, டிஸ்சார்ஜ் குறிப்பு ஒன்று என்று வரிசையாக எழுதி, அடியில் ‘மேற்படி ஆவணங்களை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று முடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, மனைவியிடம் பேனாவை நீட்டினார். பின்னால் வரிசையில் நின்ற பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகப்புப் பெண் திரையைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள். கேட்காமலே நேரத்தையும் எழுதினாள்: ஒன்பது முப்பத்தாறு.

“போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணு” என்றார்.

“மீட்டிங்ல இருப்பீங்க” என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். உறை மாட்டிய இருக்கையை மறு கையில் எடுத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, கைகள் இரண்டும் நிறைந்திருக்கும்போது திரும்பிப் பார்ப்பது சிரமம்.

விமானத்தில், ஜன்னலோர இருக்கையின் மேல் கார் இருக்கையை வைத்து, அடிப்பகுதியின் துளை வழியே பெல்ட்டை நுழைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டே இறுக்கினாள். ஓர இருக்கைக்காரர் எழுந்து நின்று, கேட்காமலே பையை மேலே வைத்தார், பால் புட்டியைப் பிடித்துக்கொண்டார், பெல்ட்டின் மறுமுனையைத் தன் பக்கமிருந்து இழுத்துக் கொடுத்தார். லிப்டுகளைப் பழுது பார்க்கிறவராம். எங்கோ ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிப்டு நின்றுவிட்டதென்று அவசரமாகப் போகிறார்.

“காலைல இருந்து வெயிட்டிங்மா. கடைசி நிமிஷத்துல யாரோ ஒரு புண்ணியவான் கேன்சல் பண்ணியிருக்கார்” என்றார்.

“அப்படியா” என்றாள் அவள்.

“தனியாவா வர்றீங்க? கஷ்டமாச்சே, கட்டுப் போட்ட குழந்தையை வெச்சுக்கிட்டு.”

“இல்லண்ணே. இப்பதான் கொஞ்சம் சுலபம்.”

விமானம் மேலே ஏறும்போது குழந்தை கட்டுப் போட்ட காலைத் தட்டிக்கொண்டே கேட்டது: “அப்பா எங்க?”

“அப்பா பேப்பர் பாக்குறாரு.”

குழந்தைக்கு அந்த விடை போதுமானதாக இருந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட விடைதான்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். மூட்டு அதன் குழியில் உட்கார்ந்திருந்தது. புண்ணுக்குக் களிம்பு, கால்களுக்குப் பயிற்சி, ஒன்பது நாள் அக்கா வீட்டில் தங்கல். இனிக் கார் இருக்கை தேவையில்லை என்றானதும் அதை அக்காவிடமே விட்டுவிட்டு, குழந்தையைச் சாதாரண இருக்கையில் உட்கார வைத்துத் திரும்பி வந்தாள்.

வீட்டில் மேசை மேல் பதிவேடு திறந்திருந்தது. முந்நூற்றுப் பதினேழாம் பக்கத்தில், பழைய லேபிளுக்குக் கீழே, ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டு, ‘உட்புற லேபிள்’ என்று தலைப்பிட்டிருந்தார். பக்கத்தில் முடி உலர்த்தும் கருவி. இந்த ஒன்பது நாளில் அவர் கற்றுக்கொண்டது அதுதான்: இன்னொரு லேபிளும் உரிக்கப்படாமல் இருக்கிறது.

“சீட்டு எங்க?”

“அக்கா வீட்ல.”

“லேபிளை மட்டும் உரிச்சு அனுப்பச் சொல்லு. சூடு ஜாஸ்தியாக் காட்டக் கூடாதுன்னு சொல்லு.”

அவள் போனை எடுத்து அக்காவிடம் அப்படியே சொன்னாள். மறுமுனையில் அக்கா சொன்னாள்: “உன் வீட்டுக்காரருக்கு நகல் போதுமான்னு கேளு.”

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டாள். அவர் ஒரு கணமும் தயங்கவில்லை.

“நகல் நகல்தான்” என்றார்.

கட்டம் இன்றும் காலியாக இருக்கிறது. உள்ளே பென்சிலில் ‘நிலுவை’ என்று மட்டும். எதிர்ப்பக்கத்தில் ஒன்பது முப்பத்தாறு மணிக்கு மனைவி போட்ட கையெழுத்து, எண்ணிடப்பட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அதுவும் ஒரிஜினல்தான்.

குழந்தை நடக்கத் தொடங்கி ஓராண்டு. திருமணம் முடிந்து எட்டு ஆண்டுகள். பதிவேடு தொடங்கி இருபது ஆண்டுகள்.